கண்ணால் கேட்ட சோதனை

சாய்ந்தமருதில் சீனிமுகம்மது ஹாஜியாரின் அரிசி மில்லுக்குள், மெஷின் இரைச்சலில் கதைப்பதென்றால் கையால்தான் கதைக்க வேண்டும். உள்ளங்கையைக் கவிழ்த்தால் மெஷினை நிறுத்து; இரண்டு விரலைத் தட்டினால் சாக்கு கொண்டுவா. ஒருவன் வாயசைப்பதைப் பார்த்தே, அது பகிடியா ஏச்சா என்று இருபது அடி தள்ளி நிற்பவனும் அறிந்துகொள்வான். இந்தக் கைப்பேச்சில் ஜவுபரை மிஞ்ச ஆளில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பெரிய மெஷின் அவர் பொறுப்பு.

அவருடைய வலது காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால் பாட்டும் தொடங்கும். இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவிடுவார். பாட்டு நிறைந்திருக்கும் காதுக்குள் மெஷின் சத்தம் நுழையாது, பாட்டே காதுக்குக் காவல் என்பது அவர் நம்பிக்கை. அவரைப் பார்த்து மற்றப் பத்துப் பேரும் அப்படியே செய்தார்கள்.

போன மாதம் தொழிலாளரின் காதைச் சோதிக்க ஒரு குழு மில்லுக்கு வந்தது.

"கேக்காதவன மெஷினில வைக்கமாட்டாங்களாம். களத்துக்கு நெல்லுக் காயப்போட அனுப்புவாங்களாம்" என்று கூட வேலை செய்யும் மிஹ்லார் செய்தி கொண்டுவந்தான்.

போன் அடிப்பது ஜவுபருக்குக் கேட்காமல் போய் ஒரு வருடமாகிறது. மனைவி றஹீமாவைத் தவிர அதை அறிந்தவர் இல்லை.

ஹாஜியாரின் அறையில் சோதனை நடந்தது. குழுவோடு பாண்டிருப்பிலிருந்து வந்த கனகசபாபதி, கருவியோடு ஜவுபருக்குப் பின்னால் அமர்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். எதிரே கண்ணாடி அலுமாரி. கனகசபாபதியின் விரல் பட்டனை அமுக்குவது அதில் துலக்கமாகத் தெரிந்தது. விரல் அசைந்ததும் ஜவுபரின் கை உயர்ந்தது. முதல் தடவை பழக்கதோஷம். பிறகெல்லாம் வேண்டுமென்றே.

"இந்த வயசுக்கு அருமையான காது" என்று சொல்லிக் கனகசபாபதி சோதனை முடிவைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்.

வெளியே, ஜவுபரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் மிஹ்லார் அந்தத் துண்டைப் பறித்து உயர்த்திக் காட்டினான். "ஜவுபர் காக்காட காதுக்கே ஒண்டுமில்லையாம்! பிறகு எனக்கென்னத்துக்குச் சோதனை? பாட்ட இன்னும் கூட்டிக் கேப்பம்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். மிஹ்லார் இரண்டு காதிலும் இயர்போனைச் செருகிக்கொண்டு நடந்தான்.

ஜவுபருக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டி மிஹ்லாரின் கையைப் பிடித்தார். அவனையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் திரும்பிப் போனார்.

"சேர், எனக்குத் திரும்ப வைங்க. நான் கேட்டுத் தூக்கல்ல. அலுமாரிக் கண்ணாடியில உங்கட விரலப் பாத்துத்தான் தூக்கின."

கனகசபாபதி அலுமாரியைப் பார்த்தார். எழுந்து கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

இம்முறை ஜவுபரின் கை வெகுநேரம் மடியிலேயே கிடந்தது.

"வலது காதில, போன் மணி மாதிரிக் கூர்ச் சத்தங்களக் கேக்கிற சக்தி போயிட்டு. அது திரும்ப வராது" என்றார் கனகசபாபதி. "இடதிலயும் தொடங்கியிருக்கு. பாட்டு மெஷின் சத்தத்தத் தடுக்கல்ல, அதோட சேந்து அடிச்சிருக்கு. இனிக் காதுமூடி போட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்."

கதவடியில் நின்ற ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜவுபர் தலையைக் குனியவில்லை. "களத்துக்குப் போகச் சொன்னாலும் போறன் ஹாஜியார்" என்றார்.

"காது கேக்காமத்தான் இவ்வளவு நாளும் மெஷின ஓட்டினியா? பழுது வந்தா எப்பிடிடா கண்டுபிடிச்ச?"

"மெஷினில கைய வெச்சிப் பாப்பன். உதறல் மாறும்."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "ஒரு பழுதும் தப்பல்லியே! உன்னக் களத்துக்கு அனுப்பினா நெல்லத் தின்னக் காகம் வாறதும் உனக்குக் கேக்காது. மெஷினிலயே நில்லு. காதுமூடி எல்லாருக்கும் எடுக்கிறன். பாட்டுச் சாப்பாட்டு நேரத்தில, மெல்லமா."

மிஹ்லார் இயர்போனைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்திருந்த கதிரையில் அமர்ந்தான். ஏற்கெனவே சோதனையில் சித்தியடைந்திருந்த இரண்டு பேர் கதவடிக்கு வந்து தயங்கினார்கள்.

"நாங்களும் பாத்துத்தான் தூக்கின, சேர்."

"இந்த மில்லில கண்ணச் சோதிச்சிருந்தா எல்லாரும் முதலாம் பிள்ளைதான்" என்று கனகசபாபதி சிரித்துவிட்டார்.

பழைய துண்டை ஜவுபர் கிழித்தார். புதியதை மறைக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் தன் கையாலேயே ஒட்டினார்.