என்னை ‘டேய்’ என்று கூப்பிட ஓர் ஆள்

நூறு வயதைத் தாண்டிவிட்டால் மரியாதை தாங்க முடிவதில்லை. அந்தமானில், எங்கள் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் ஆட்டோவை விட்டு இறங்கினால் போதும், பெங்காலிக் கடைக்காரரும் தெலுங்குக்காரரும் ‘தாதாஜி’ என்று எழுந்து நிற்கிறார்கள். பிறந்தநாளன்று எழுபது வயதுக் கிழவர்கள்கூட என் காலில் விழுந்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மனைவி போய்விட்டாள், தம்பி போனான், பெற்ற பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். என்னை ‘வாடா’ என்று கூப்பிட ஒரு நாதியில்லை.

மிச்சம் ஒருவன் இருந்தான். வடக்கே லாங் ஐலண்ட் தீவில் என்னோடு மரம் அறுத்தவன், என்னைவிட ஓரிரண்டு வயது சின்னவன். ஒரே கொட்டகையில் படுத்து ஒரே சட்டியில் சோறு தின்றோம். என் பேரை அவன் சொன்னதே இல்லை, எப்போதும் ‘டேய்’தான். வேலை முடிந்ததும் நான் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன், அவன் அங்கேயே தங்கிவிட்டான். சாவதற்குள் அவன் வாயால் ஒருதடவை ‘டேய்’ கேட்க வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன். இந்த வயதில் கடலில் போக வேண்டுமா என்று கத்தினாள். சாப்பிடாமல் அடம்பிடித்தேன். கடைசியில் அவளே போட் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனாள்.

படகுத்துறையிலிருந்து என்னை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். அவன் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அவன் மகள் காதருகே குனிந்து என் பேரைச் சொன்னாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கைகூப்பினான்.

“வாங்க, உக்காருங்க. மெயின்லேண்டுலருந்து வர்றீங்களா? கப்பல்ல தலை சுத்துச்சா?”

தீவுக்குப் புதிதாக வருகிற ஆளிடம் நாங்கள் எல்லாரும் கேட்பதுதான். அதை என்னிடமே கேட்கிறான். நான்தாண்டா என்றேன். கொட்டகையைச் சொன்னேன், மரம் உருண்டு நசுங்கிய என் கால்விரலைக் காட்டினேன். பாவம், ரொம்ப வலித்திருக்குமே என்று மரியாதையாக விசாரித்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே பேசினான்.

“கொட்டகையில எங்கூட ஒருத்தன் இருந்தான். திருட்டுப் பய. போர்ட் பிளேர் போனவன் திரும்பிப் பாக்கல. வருவான் வருவான்னு நானும் உக்காந்திருக்கேன். அவனை எங்கயாவது பாத்தா, ஒருதடவ வந்துட்டுப் போகச் சொல்லுங்க.”

பார்த்தால் சொல்கிறேன் என்றேன்.

“மறந்துறாதீங்க ஐயா” என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்.