கவ்வாத்து மலையில் உருண்ட பந்து

பக்கத்து வீட்டில் வேலிச் செடியை வெட்டும்போதெல்லாம் அந்தப் பச்சை வாசனை ஜன்னல் வழியே வந்து என்னைப் பிடித்துக்கொள்கிறது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்தின் வாசனை. கத்தி பட்ட தேயிலைத் தண்டின் ஈரமும் கசப்பும். உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன். மனசு எங்கே போகும்? இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே, மேகம் வந்து கோல் கம்பத்தைத் தின்றுவிடும் அந்த மைதானத்துக்குத்தான்.

மைதானம் என்றால், மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு படி. ஒரு பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், மறு பக்கம் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. எங்கள் தோட்டத்து இளைஞர் கழகத்துக்கு இருந்தது ஒரே பந்து. அது கீழே உருண்டால், கழகத்தில் கடைசியாகச் சேர்ந்தவன் இறங்கி எடுத்துவர வேண்டும். அடுத்தவன் சேரும்வரை அது அவன் வேலை. நானும் மூன்று மாதம் இறங்கி ஏறியிருக்கிறேன். காலில் அட்டை தொங்க மேலே வரும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்த நாட்கள். அப்படிச் சிரிக்க இப்போது மூச்சும் இல்லை, ஆளும் இல்லை.

பதினெட்டு வயதில் நான் கேப்டன். அந்த வருடம் கடைசியாகச் சேர்ந்தவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். இடது காலால் அவன் அடித்தால் பந்து காற்றில் வளைந்து போகும். அவனுக்குப் பிறகு எட்டு மாதமாக யாரும் சேரவில்லை. அவன் அம்மா எங்கள் லயத்து வாசக்கூட்டி. சாக்கடைக் காண்களையும் கக்கூஸ்களையும் சுத்தம் செய்தவர். அதனால்தானோ என்னவோ, பந்து அடிக்கடி உருண்டது. இல்லை, உருட்டினோம்.

“காணுக்குள்ள போயிருச்சுடா! ஒனக்குத்தான் அந்த வழியெல்லாம் தெரியும்.”

“அம்மா கூட்டுறா, மகன் பொறுக்குறான்!” இதைச் சொன்னவன் நான்.

அவன் சிரித்தபடியே இறங்குவான். அந்தச் சிரிப்பை நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

கீழ் மலையில் கவ்வாத்து முடிந்த வாரம் அது. இலையே இல்லாமல், சீவிய தண்டுகள் கூர் கூராக நின்றன. நான் வேண்டுமென்றே பந்தைக் கீழே அடித்தேன். ஓடினான். பிறகு அலறல் மட்டும் மேலே வந்தது. வழுக்கி விழுந்தவனின் தொடையில் தண்டு ஏறியிருந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் அம்மா விளக்குமாறும் கையுமாக வந்து, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்:

“எம் புள்ள வெளையாட வந்தானா, வேல செய்ய வந்தானாப்பா? வேல செய்யத்தான் நான் இருக்கேனே.”

மறுநாள் எல்லாரையும் மைதானத்தில் உட்காரவைத்தேன்.

“இனிமே அடிச்சவன்தான் போய் எடுக்கணும்.”

“ஏண்ணே, நாங்கல்லாம் எடுக்கலையா? அதுதானே வழக்கம்,” என்றான் எங்கள் கோல்காரன்.

“நாம எடுத்தப்ப யாரும் வேணும்னு அடிக்கலடா. நேத்து நான் வேணும்னுதான் அடிச்சேன்.”

 வீட்டார் செய்யும் வேலையைச் சொல்லிக் கேலி செய்பவன் இரண்டு ஆட்டம் வெளியே இருக்க வேண்டும் என்றும் முடிவானது. முதலில் வெளியே உட்கார்ந்தவன் நான்தான்.

காயம் ஆறினால் வந்துவிடுவான் என்று அவனுடைய இடத்தைக் காலியாகவே வைத்திருந்தோம். பத்துப் பேராக ஆடினோம், தோற்றோம். இரண்டு முறை அவன் லயத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். “தூங்குறான்ப்பா,” என்றார் அம்மா. உள்ளே அவன் இருமும் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டன் பஸ் நிலையத்தில் தகரப் பெட்டியோடு நின்றான். நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்கு, மாமாவோடு சேரப் போகிறானாம்.

“கால் எப்பிடிடா?”

“ஓடுதுண்ணே.”

“இப்ப யாரையும் அப்பிடி எறக்குறதில்ல.”

“அம்மா சொன்னுச்சு.”

“அன்னைக்கு நான் வேணும்னுதான்டா அடிச்சேன்.”

“தெரியும்ணே. பாத்துட்டுத்தான் ஓடுனேன்.”

பஸ் உறுமியது. ஏறிவிட்டான். ஜன்னலோடு ஜன்னலாக நானும் நடந்தேன்.

“ஒன் எடம் அப்பிடியே இருக்குடா. லீவுல வந்தா வா.”

தலையை வெளியே நீட்டினான்.

“வேற ஆளப் போட்டுருங்கண்ணே. அவன நல்லா வச்சுக்கங்க.”