அரங்கத்தின் பக்கம் பேசியவன்

எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். திருவிழாக் காலத்தில் பட்டிமன்றப் பேச்சாளர். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவேன். திருநகரில் கூட்டுக் குடும்பத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டு, மறுவாரமே வாடிப்பட்டியில் தனிக்குடித்தனத்துக்குக் கொடி பிடித்திருக்கிறேன். இரண்டு ஊரிலும் நல்ல கைதட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி. நகரத்துக்குப் புதிதாக உள்விளையாட்டு அரங்கம் கட்டப் பொதுப்பணத்தை ஒதுக்குவதா, அதை வைத்து மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்து வாய்க்காலைத் தூர்வாருவதா என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கவுன்சிலர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், இதையே பட்டிமன்றமா வச்சுருவோம். சனங்க என்ன நெனைக்கிறாங்கன்னு தெரிஞ்சுரும்ல. அரங்கத்துப் பக்கம் நீங்க பேசுங்க."

வாய்க்கால்தான் அவசரம் என்பது எனக்குத் தெரியும். பட்டிமன்றம்தானே, வேடிக்கைதானே என்று தலையாட்டினேன்.

எதிரணிக்கு எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். வாய்க்காலை ஒட்டிய பள்ளத்துத் தெருவில், படுக்கையில் கிடந்த அம்மாவும் அவருமாக இருந்தார்கள். மேடை அவருக்குப் புதிது.

கூட்டத்தில் கவுன்சிலர் கூட்டிவந்த ஒரு வீடியோக்காரர் நின்றார். டீச்சர் எழுந்ததும் அவர் விளக்கை அணைத்துவிட்டார். பல்பு சூடாகிவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"போன மழைக்கு வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துச்சு," என்றார் டீச்சர். "இந்த வருசம் வீட்டுக்குள்ள வந்தா எங்கம்மாவக் கட்டிலோட தூக்கணும். ஒத்தையில என்னால முடியாதுங்க." யாரும் கைதட்டவில்லை.

நான் எழுந்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"கட்டிலத் தூக்கத் தெம்பு வேணும். தெம்புக்கு வெளையாடணும். வெளையாட எடம் வேணும். அதுக்குத்தானய்யா அரங்கம்!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்கிற முகங்களின் மேல் அந்த வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போனது. டீச்சர் முகம் என் கண்ணில் பட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை, இன்னும் நாலு ஜோக் சொன்னேன். அரங்கமே என்று நடுவர் தீர்ப்பளித்தார். டீச்சர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் பேச்சே இல்லாத அந்த வீடியோ கேசட்டைத்தான் மக்கள் கருத்து என்று, பணம் ஒதுக்குகிற அதிகாரிகளுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பணம் அரங்கத்துக்குப் போனது. "எல்லாம் உங்க வாய்தான் சார்," என்று கவுன்சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உதறத் தோன்றியது. உதறவில்லை.

அதற்குப் பிறகு சைக்கிளில் போகும்போதெல்லாம் வாய்க்காலை எட்டிப் பார்ப்பேன். ஆகாயத்தாமரை மண்டி, கல்யாண மண்டபத்து எச்சில் இலை அடைத்து, தண்ணீர் நகராமல் கறுத்துக் கிடந்தது. ஆடி போய் ஆவணி வந்தது. ஒருவரும் மண்வெட்டியோடு வரவில்லை. ஆசிரியர் அறையில் டீச்சரும் நானும் ஒரே மேசையில் விடைத்தாள் திருத்தினோம். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் விடியற்காலை தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. டீச்சர் கத்தி, அக்கம்பக்கத்தார் நீந்தாத குறையாக வந்து கட்டிலைத் தூக்குவதற்குள் அம்மா முழுக்க நனைந்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டி, எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார்.

துக்கம் கேட்கப் போனேன். தண்ணீர் நின்ற கறை சுவரில் கட்டில் உயரத்துக்கு இருந்தது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நெசமாவே அரங்கந்தான் வேணும்னு நெனச்சா பேசுனீங்க?"

அந்த வீட்டில் உட்கார்ந்து பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல டீச்சர். எனக்கும் வாய்க்கால்தான் வேணும்னு இருந்துச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாம் சார்," என்றார். "உங்க கருத்து அது, நான் தோத்துட்டேன்னு மனச ஆத்திக்கிட்டிருப்பேன்."