குண்டசாலையில் ஒரு ஆணிப் பலகை

காலை ஏழு மணி. குண்டசாலை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, முருகையாவின் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். வீடு உடைத்துத் திருடியதற்காக நான்கு வருடம் சிறையில் இருந்தவர். தச்சு வேலையை அங்கேதான் படித்தார். அந்தப் பயிற்சியால் என்ன பலன் என்று அளக்க ஒரு படிவத்தோடு வந்திருக்கிறேன். வேலை இருக்கிறதா, மறுபடி கைதானாரா என்று எல்லாமே ஆம், இல்லை கேள்விகள்.

சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு உளிக்கும் அதன் உருவத்தை வரைந்து ஆணி அடித்திருக்கிறார்.

"உள்ளுக்கு அப்படித்தாங்க. ஒரு உளி கொறஞ்சாலும் ஒருத்தரையும் பட்டறைய விட்டு வெளிய விட மாட்டாங்க. அந்தப் பழக்கம் இன்னும் போகல."

கீழ்வரிசை ஆணிகளில் மட்டும் சாவிகள் தொங்குகின்றன. ஏனென்று கேட்பதற்குள், பஸ்ஸுக்கு ஓடும் ஒரு பெண் வாசலில் நின்று தன் வீட்டுச் சாவியை நீட்டுகிறார்.

"பாஸ்," என்று ஊர் வழக்கப்படி தச்சரை அழைக்கிறார். "மகள் ஸ்கூல் விட்டு வந்தா குடுங்க."

அதையும் முருகையா ஓர் ஆணியில் மாட்டுகிறார். எண்ணிப் பார்க்கிறேன்: பதினொரு வீடுகள்.

"பழைய கதை இவங்களுக்குத் தெரியாதா?" என்று மெல்லக் கேட்கிறேன்.

"தெரியும்ங்க." முதல் ஆணியில் தொங்கும் சாவியைத் தொடுகிறார். "நான் அன்னைக்கு ஒடைச்ச வீட்டுச் சாவிதான் இது."