மயில் நடைக்குச் சேஷன் சொன்ன அர்த்தம்

ஸ்ரீவராகம் தெருவில் சேஷனை 'இங்கிலீஷ் சேஷன்' என்று சொன்னால்தான் தெரியும். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு டுட்டோரியலில் வாத்தியார். இன்டர்மீடியட்டில் கோட்டை விட்ட பையன்களைக் கரையேற்றிவிடுவதில் கெட்டிக்காரர். ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் வாயால் மட்டும் சொல்ல மாட்டார், எழுந்து நடித்துக் காட்டுவார். 'ஸ்ட்ரட்' என்ற சொல் வந்தால் நெஞ்சை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கிக்கொண்டு மேஜையிலிருந்து கதவு வரைக்கும் ஒரு நடை நடப்பார். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும்.

"தலைக்கனம் பிடிச்சவன் நடை. எழுதிக்கோங்கோ" என்பார்.

நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு ருஷ்ய பாஷையின் மேல் ஆசை வந்தது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாத பாஷை என்பதே பாதிக் காரணமாக இருந்திருக்கலாம். மதராஸிலிருந்து ஒரு பாடப் புத்தகமும் அகராதியும் தருவித்து, யாருடைய துணையும் இல்லாமல் முட்டி மோதிப் படித்தார். இரண்டும் இங்கிலீஷ் வழியாகக் கற்றுக்கொடுப்பவை. அதனால் எந்த ருஷ்யச் சொல்லைக் கேட்டாலும் அவர் மனசில் முதலில் எழுந்து நிற்பது ஒரு இங்கிலீஷ் சொல்தான்.

1955-ல் ருஷ்யாவிலிருந்து சில பேர் ஊர் பார்க்க வந்தார்கள். அவர்களில் வேரா நிக்கலாயெவ்னா என்று ஒரு அம்மாள், கிராமத்துப் பாட்டுகளைத் தேடிச் சேகரிக்கிறவள். மலைத்தோட்டத் தொழிலாளர் யூனியன் அவர்களுக்கு ஒரு வரவேற்பு வைத்தது. யூனியன் காரியதரிசி சத்தியநேசன் ஒரு காலத்தில் சேஷனிடம் படித்தவன்.

"சாரே, அவங்ககூட மொழிபெயர்க்க வந்த ஆளுக்குத் தமிழும் அறியாது, மலையாளமும் அறியாது. தோட்டத்து ஆளுக எல்லாம் தமிழாக்கும். நீங்க வந்து சொன்னா உபகாரமா இருக்கும்" என்று கேட்டான்.

சேஷன் சலவை செய்த ஜிப்பாவில் மேடை ஏறினார். முன்வரிசையில் ஊர்ப் பெரிய மனிதர்களும் தோட்டத்துக் கிளார்க்குகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மனைவி விஜயலக்ஷ்மியும் தெருக்காரர்களோடு வந்திருந்தாள். பொன்முடி மலைத்தோட்டத்திலிருந்து லாரியில் வந்த தொழிலாளர்கள் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள்.

பேச்சுகள் முடிந்ததும் தோட்டத்தின் சார்பில் ஒரு கூடைத் தேயிலை பரிசளிக்க முத்தாரம்மாளைக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்தவள், கட்டிக்கொடுத்து மலைக்கு வந்தவள். புருஷன் செத்துப்போன பிறகும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலேயே இருந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். கூடையைத் தலையில் வைத்து, கையால் பிடிக்காமல், மண்டபத்தின் நடுவே மெல்ல நடந்து வந்தாள். இடுப்பு அசைந்ததே ஒழியத் தலை அசையவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் முகத்தில் இல்லை.

வேரா நிக்கலாயெவ்னா எழுந்து நின்றுவிட்டாள். "காக் பாவா விஸ்துபாயெத்" என்றாள் ஒலிபெருக்கியில்.

என்ன சொன்னாள் என்று சபை சேஷனைப் பார்த்தது. 'பாவா' என்றால் பெண் மயில், அது அவருக்குத் தெரியும். 'விஸ்துபாயெத்' என்பதற்கு அகராதியில் இரண்டு மூன்று அர்த்தங்கள் பார்த்த ஞாபகம். அதில் ஒன்று ஸ்ட்ரட். மயில், ஸ்ட்ரட் என்று இங்கிலீஷில் இரண்டும் சேர்ந்தால் வகுப்பில் அவர் நடந்துகாட்டும் நடைதான். சரியா என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அவள் கூடையோடு வந்துகொண்டிருக்கிறாள், சபை காத்திருக்கிறது, சொல்லும் நாக்கு நுனியில் இருக்கிறது.

"இந்த அம்மாள் ரொம்பத் தலைக்கனத்தோடு நடந்து வருகிறாள் என்கிறார்கள்" என்றார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கிளார்க்குகள் கைதட்டினார்கள். சேஷனும் சிரித்துவிட்டார். முத்தாரம்மாள் பாதி வழியில் நின்றாள். கூடையை இறக்கி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மிச்ச தூரத்தை வேகமாக நடந்து, மேடையில் அதை வைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

வேரா நிக்கலாயெவ்னாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். "சந்தோஷத்தில்" என்றார் சேஷன். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் பேசினாள். தங்கள் பாட்டுகளில் கல்யாணப் பெண் இப்படித்தான் வருவாள், மயில் மாதிரி என்று பாடுவார்கள், தன் அம்மா இரண்டு வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டு இப்படித்தான் வருவாள், அம்மா போன பிறகு இந்த நடையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள். ஒவ்வொரு சொல்லும் சேஷனுக்குத் தெளிவாகப் புரிந்தது. காது மடல் சுட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று இரண்டு வார்த்தை. முன்வரிசை அவரை மெச்சிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விருந்தாளி எல்லாருக்கும் நன்றி சொல்கிறார்கள்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது விஜயலக்ஷ்மி, "எல்லாரும் நன்னா ரசிச்சா. உங்களை மாதிரி சமயோசிதமாப் பேச ஆள் கிடையாதாம்" என்றாள்.

மறுநாள் காலையில் அகராதியைப் புரட்டினார். நிமிர்ந்து நடப்பதற்கு ருஷ்யனில் பல சொற்கள் இருந்தன. சேவலை வைத்து ஒன்று, அது சண்டைக்கு நிற்பவனுக்கு. ஒரு காட்டு வாத்தை வைத்து ஒன்று, அதில் பாதி கேலி. பெண் மயிலை வைத்துச் சொல்வதில் மட்டும் கேலியே இல்லை. இங்கிலீஷில் தேடினால் ஸ்ட்ரட், ஸ்வாகர் என்று எதை எடுத்தாலும் ஓரத்தில் ஒருவன் நின்று சிரிக்கிறான். அவருக்குத் தாங்க முடியாமல் போனது வேறொன்று. மயில் மாதிரி நடந்து வருகிறாள் என்று அப்படியே தமிழில் சொல்லியிருந்தால் போதும். படிக்காதவன்கூட அப்படித்தான் சொல்லியிருப்பான். நடுவில் இங்கிலீஷைக் கொண்டுவந்து நிறுத்தியது அவருடைய படிப்பு.

இரண்டு மாசம் அதை மனசுக்குள்ளேயே போட்டு அமுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் சத்தியநேசன் டுட்டோரியலுக்கு வந்தான்.

"முத்தாரம்மாவப் பெண்கள் பிரதிநிதியா நிறுத்தலாம்னு இருந்தோம். மாட்டேன்னுட்டா. லயத்துல பிள்ளைகள்கூடத் தலைக்கனம்னுதான் விளிக்குது. கங்காணி தினமும் அதச் சொல்லித்தான் கொழுந்த நிறுக்கான். குனிஞ்சே நடக்கா, சாரே."

சேஷன் அவனிடமும் உண்மையைச் சொல்லவில்லை. "பொன்முடிக்கு பஸ் எப்போ?" என்று மட்டும் கேட்டார்.

மலையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. லயத்து வாசலில் முத்தாரம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவரை அடையாளம் தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அம்மா, அன்னிக்கு அந்த ருஷ்யக்கார அம்மா உங்களை வையலை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"என்னதான் சொல்லிச்சு?"

"மயில் மாதிரி நடந்து வரான்னு. அவா அம்மாவோட நடை மாதிரி இருக்குன்னு."

அவள் கோடாலியைக் கட்டையில் சாய்த்து வைத்தாள். "அப்பமே உங்களுக்குத் தெரியுமாய்யா?"

பொய் சொல்ல வாய் வந்தது. "தெரியும்" என்றார்.

"இப்ப எங்கிட்டத் தனியா வந்து சொல்லுதிய. சிரிச்சவங்க எல்லாரும் சபையிலல்லா இருந்தாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோடாலியை எடுத்துக்கொண்டு மறுபடி விறகைப் பார்க்கத் திரும்பினாள்.

அன்றைக்குத் திரும்பிப் போகப் பஸ் இல்லை. யூனியன் அறையில் தங்கிவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனார். பனியில் கம்பளி போர்த்திக்கொண்டு எல்லாரும் நின்றிருந்தார்கள். கங்காணியிடம் அனுமதி கேட்டுச் சேஷன் நடுவில் போய் நின்றார். வகுப்பில் கூரை அதிரப் பேசுகிற மனுஷன், சொல் சொல்லாக நிறுத்தி, அந்த அம்மாள் சொன்னது என்ன, தான் சொன்னது என்ன, தெரிந்தும் மறைத்தது என்ன என்று சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி மட்டும், "படிச்சவரு" என்று பக்கத்திலிருப்பவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நேரமாச்சு" என்றான் கங்காணி. முத்தாரம்மாள் அவர் பக்கம் பார்க்காமல் மற்றவர்களோடு மேட்டில் ஏறிப் போனாள்.

ஊருக்கு வந்து முன்வரிசைக்காரர்களிடமும் ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இருந்தவர் ஒருவர் அந்தத் தலைக்கனத்தை மறுபடி சொல்லி, மறுபடி சிரித்தார்.

அதற்குப் பிறகும் இரண்டொரு தடவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நடுவில் நிறுத்தி, "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். சேஷனுக்கு ருஷ்யன் மறந்துபோச்சு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கூப்பிடுவதும் நின்றது.

அடுத்த வருஷம் யூனியன் மாநாட்டில் முத்தாரம்மாள் பேசினாள் என்று சத்தியநேசன் சொன்னான். கூலி உயர்வைப் பற்றி நன்றாகப் பேசினாளாம். மேடைக்கு எப்படி நடந்து வந்தாள் என்று கேட்கச் சேஷனுக்கு ஆசை. கேட்க வாய் வரவில்லை.