அக்ரி

இருபது வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். "அக்ரீ" என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளின் உயிரை வாங்கியிருக்கிறேன். ஆளோடு என்றால் ஒன்று, யோசனைக்கு என்றால் வேறொன்று. சாப்பாடு உடம்புக்குச் சேராவிட்டாலும் அதே வினைதான். தமிழில் இந்தத் தொல்லையே இல்லை, எல்லாவற்றுக்கும் "ஒத்துக்கொள்" போதும்.

அப்பா பயிர்செய்யும் எங்கள் சுரக்குடி வயலை மனை போடக் கொடுத்துவிடலாம் என்று சென்னையில் இருக்கும் அண்ணன் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓட்டெடுப்பே வைத்துவிட்டார். மேலே ஆங்கிலத்தில் கேள்வி, கீழே "அக்ரீ", "டிஸ்அக்ரீ". காலை இடைவேளையில் டீ ஆறுவதற்குள் முதலாவதை அமுக்கினேன். தொல்லை விட்டால் போதும் என்றிருந்தது. விடவில்லை. அதற்கப்புறம் வகுப்பில் ஒரே பத்தியை இரண்டு தடவை நடத்தினேன்.

சாயங்காலம் கோவில்பத்து வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், அப்பாவும் அதையே அமுக்கியிருந்தார். வயலைப் பார்க்காமல் காப்பி இறங்காத மனிதர். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நாலு தடவை நடந்தேன். உட்காரவும் முடியவில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அப்பா வரப்பில் மண்வெட்டியோடு நின்றார்.

"போன்ல நீங்கதான் அமுக்கினீங்களாப்பா?"

"ஆமாம்மா. நெலத்த என்ன செய்யலாம்னு அண்ணன் கேட்டிருந்தான்ல. எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கீழ இருந்தது நீளமா இருந்துச்சு, புரியல. மேல அக்ரின்னு போட்டிருந்துச்சு. வெவசாயந்தானேன்னு அமுக்கிட்டேன்."

எங்கள் பக்கம் வேளாண் துறைக்கு அக்ரி ஆபீஸ் என்றுதான் பெயர். விதைநெல்லுக்கு நடந்த நடையில் அதன் பலகையில் இருக்கும் ஆங்கில எழுத்துகள் அவருக்கு மனப்பாடம். சிரிப்பு வந்தது. அவர் அடுத்துச் சொன்னதில் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அண்ணனும் அக்ரின்னுதான் போட்டிருக்கான். நீயும் அதத்தான் போட்டிருக்க. ஒங்க ரெண்டு பேருக்கும் இதுல பிடிப்பில்லன்னு நெனச்சிருந்தேம்மா. பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு."

இருபது வருடம் நடத்திய சொல்லுக்கு அர்த்தம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று என் ஓட்டை எடுத்துவிட்டு, கீழே இருந்ததை அமுக்கினேன்.

ஐந்து நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

"ஏன் மாத்துன? காலையில ஒத்துக்கிட்டியே."

"ஒத்துக்கிட்டேண்ணே. எனக்குத்தான் ஒத்துக்கல."