காப்புக் கட்டிய ஊருக்கு நடந்து போனோம்

என் வீட்டுக்காரர் சங்கராபுரத்தில் பூகோள வாத்தியார். ஒரு ஊரையும் பார்க்காமல் உலகத்தையே பாடம் நடத்துகிற வேலை. அந்த வருஷம் யாரோ கொடுத்த வெளிநாட்டுக் காலண்டர் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதில் இத்தாலிக் கடற்கரைப் படம். சரிவில் கலர் கலராக வீடுகள், கீழே கடல், நடுவில் ஒற்றையடிப் பாதை. அங்கே லீவு விட்டால் ஜனங்கள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கடலோரமாகவே நாள்கணக்கில் ஊர் ஊராக நடப்பார்களாம், இருட்டினால் அந்தந்த ஊரில் தங்குவார்களாம். எங்கேயோ இதைப் படித்ததிலிருந்து மனுஷருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நம்மகிட்ட கடல் இல்லன்னா இன்னா? மலை இருக்குதே. காலாண்டு லீவுல கல்வராயன் மலைய ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்றார்.

"பஸ்ஸு வராத ஊருக்காரங்கதான் நடக்கறாங்க. நமக்கு இன்னா தலையெழுத்து?" என்றேன்.

கேட்டேனே தவிர, எனக்கும் ஆசைதான். கல்யாணமான பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன ஒரே இடம் பிரசவ ஆஸ்பத்திரி. மகளுக்கு மூன்று வயது. அவளைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியாது என்று களமருதூரில் என் அம்மாவிடம் விட்டோம். அதுவரை ஒரு ராத்திரிகூட அவளைப் பிரிந்து படுத்ததில்லை நான். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன். கிழமை என்றால் என்னவென்று அவளுக்கு எங்கே தெரியும், தலையை மட்டும் ஆட்டினாள்.

தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு சங்கத்தார் மறியல் செய்யப்போகிறார்கள் என்று அப்போது சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறியல் என்றால் காலையில் பஸ் நிற்கும், சாயங்காலம் ஓடும். அதற்கு முன்பெல்லாம் அப்படித்தான் நடந்திருந்தது.

கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ், பிறகு நடை. முதல் நாள் அவரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஏறினேன். இரண்டாம் நாள் திட்டக் காரணம் கிடைக்கவில்லை. சரிவு முழுக்கச் சாமை விளைந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஓடையில் கால் நனைத்துக்கொண்டு புளிசோறு சாப்பிட்டோம். அவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "இந்த எடத்துல கடல் மட்டும் இருந்துச்சுன்னா அப்படியே இத்தாலிதான்" என்பார். கடலை எங்கே போய்க் கொண்டுவருவது? சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு ஊருக்குப் போனோம். அம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பம்பை அடித்தார்கள். நல்ல நேரத்துக்கு வந்தோம் என்று வாத்தியார் பூரித்துப்போனார். அது காப்புக் கட்டுகிற நேரம்.

காப்பு என்றால் என்னவென்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மஞ்சள் நூல் கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஊருக்கு ஆகாது. பூசாரி எங்களைப் பார்த்துவிட்டு, காப்புக் கட்டுகிற நேரத்தில் வந்த விருந்தாளியும் அம்மனுக்குச் சேர்ந்த ஆள்தான் என்றார். வாத்தியார் உடனே கையை நீட்டிவிட்டார்.

"ஏங்க, வியாழக்கிழமை வரைக்கும் திருவிழாவாம். நாம ஞாயித்துக்கிழமை போவணும்" என்று அவர் காதில் சொன்னேன்.

"நூலுதானேம்மே. மொகத்துல அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்ல முடியுமா? அவுங்கள்ட்ட சொல்லிட்டுப் போய்க்கலாம்" என்றார்.

அடுத்து என் கை. என் மகள் முகம் கண்முன்னால் வந்தது. சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "நான் வீட்டுக்குத் தூரங்க" என்றேன்.

அது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் கைவசம் வைத்திருக்கிற பொய். பிடிக்காத கல்யாணத்துக்குப் போகாமலிருக்க, நாத்தனார் வீட்டுப் படையலுக்கு மாவு இடிக்காமலிருக்க, அதைச் சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். ஓரமாக ஒரு பாயைப் போட்டுக்கொண்டு வாரப் பத்திரிகை படிக்கலாம். மலையிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். அங்கே அந்தப் பெண் "அய்யோ சாமி" என்று வாயில் அடித்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். இரண்டு கிழவிகள் முன்னால் போக, சாமைக் காட்டு வரப்பு வழியாக ஊருக்கு வெளியே ஒரு குடிசைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். என் பை பின்னாலேயே ஒரு கோல் முனையில் வந்து சேர்ந்தது.

விலக்கானவர்களுக்கென்று கட்டிய குடிசை. நிமிர்ந்து நின்றால் கூரை தலையில் இடிக்கும். வாசலுக்கு எதிரே ஒரு பாறை. அதன்மேல் வேளாவேளைக்குச் சாமைச்சோறு வைத்துவிட்டுப் போவார்கள், அவர்கள் போன பிறகுதான் எடுக்கவேண்டும். ஊருக்குள் வரக்கூடாது. கீழே இறங்குகிற பாதை கோயில் வாசலை ஒட்டிப் போகிறது, ஆகவே அதிலும் கால் வைக்கக்கூடாது. ஊரில் காப்பு இருக்கும்போது இதெல்லாம் இன்னும் கெடுபிடி. ஆக, காப்புக் கட்டிக்கொண்ட வாத்தியார் ஊருக்குள்ளே மாட்டினார், கட்டிக்கொள்ளாத நான் ஊருக்கு வெளியே மாட்டினேன். அவருக்காவது பம்பையும் பொங்கலும் இருந்தன.

குடிசையில் எனக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தாள், சோறு வந்தால் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். அத்தனை நிம்மதியாகத் தூங்குகிற மனுஷியை நான் பார்த்ததே இல்லை. எனக்கோ கண்ணை மூடினால் மகள் அழுகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் வந்தார். பாறைக்கு அப்பால், கத்தினால் கேட்கிற தூரத்தில் நின்றார். கூடவே வேடிக்கை பார்க்க நாலைந்து பேர்.

"ம்மே, கீழ சந்தைக்குப் போன ஆளு பாதியிலயே திரும்பி வந்துட்டாரு. பஸ்ஸு ஒண்ணும் ஓடலியாம். ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களாம்."

"எந்த ரோட்டுல?"

"எல்லா ரோட்டுலயும்தான். உளுந்தூர்பேட்ட பக்கம் குடிசை எரியுதுன்னு பேசிக்கறாங்க."

களமருதூர் உளுந்தூர்பேட்டைப் பக்கம்தான். அம்மா வீடும் கூரை வீடு.

"கெளம்புங்க, போலாம்" என்று கத்தினேன்.

"எப்படிம்மே போறது? காப்புக் கட்டியிருக்கேனே."

"நூலுதானேன்னு சொன்னீங்க?"

அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த நூலைப் பார்த்தார். "அவுத்துட்டுப் போனா இந்த ஊருக்கு இன்னா ஆவுமோ தெரியல. நம்ம கொயந்தைக்கும் ஆவாது. அத்தை பாத்துக்குவாங்க. வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க" என்றார்.

அவருக்கு ஊர்க்காரர்கள்மேல் பயமா, அம்மன்மேல் பயமா, இரண்டுமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பூமி உருண்டை என்று பத்து வருஷமாகப் பாடம் நடத்திய மனுஷர். நான் உள்ளே வந்து அழுதேன். ஆத்திரத்தில் அழுதேன். எனக்கு ஒன்றுமே இல்லை, பொய் சொன்னேன் என்று கத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். திருவிழாவில் அம்மன் முன்னால் நின்று பொய் சொன்னவளைச் சும்மா விடுவார்களா? அதுவுமில்லாமல் அவர் அந்த ஊருக்குள்தானே இருக்கிறார்.

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "இன்னாக்கா, கொயந்த கீழயா கீது?" என்றாள்.

எல்லாவற்றையும் கொட்டினேன். தூரம் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எனக்கும் ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

திருவிழா என்றால் வீடு மெழுகுவது, சாமை குத்துவது, வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொங்கிப் போடுவது எல்லாம் அவள் தலையில்தானாம். மூத்த மருமகள். "வருசத்துல ஒரு தபா இங்க வந்து படுத்தாத்தான் எனக்குத் தூக்கம். என் மாமியாளுக்குக் கணக்கு வச்சிக்கத் தெரியாது" என்றாள். என்னைப் போட்டு நெரித்த அந்தக் குடிசைதான் அவளுக்கு லீவு. சுற்றுலா வந்தவள் நான், அனுபவித்தவள் அவள்.

சிரித்து முடித்தபிறகு கேட்டாள். "ஓடை வழியா எறங்குவியா? பொம்பளைங்க தண்ணிக்குப் போற தடம். கோயில் பக்கம் போவாது. சுத்துவழி."

விடிந்ததும் ஓடையில் குளிக்கப் போகிறோம் என்று கிளம்பினோம். அவள் முன்னால் போனாள். பாதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல்லிலும் முள்ளிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அடிவாரத்து அணையின் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். அதற்குமேல் வந்தால் சோறு கொண்டுவருகிறவர்கள் தேடுவார்கள், அவள் தூக்கம் போய்விடும்.

"கொயந்தயத் தூக்கிக்கினு ஒரு தபா வாக்கா" என்றாள். வருகிறேன் என்றேன். போகவில்லை.

கீழே அடிவாரத்து ரோட்டில் ஒரு சத்தம் இல்லை. லாரி இல்லை, பஸ் இல்லை, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர்கூட இல்லை. பெரிய பெரிய புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. ஒன்றின்மேல் ஏறி இறங்கினால் அடுத்தது. எங்கோ தள்ளிப் புகை தெரியும்போதெல்லாம் நடையை எட்டிப் போட்டேன். கள்ளக்குறிச்சியில் அவர்கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டில் ராத்திரி படுத்தேன். ஒரு பெண் தனியாகப் போகிற நேரமா இது என்று டீச்சர் கையைப் பிடித்து இழுத்தார். அவரிடமும் சண்டை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தின்மேல் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் அரிவாள், கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. ஒருவன் எழுந்து குறுக்கே வந்தான்.

"எங்க போற? நீங்க இன்னா ஆளுங்க?"

அந்த வாரம் அந்தக் கேள்விக்குச் சொல்லுகிற பதில் இடத்துக்கு இடம் மாறவேண்டும். எனக்கு எது சரியான பதில் என்று யோசிக்கிற தெம்பு இல்லை.

"மூணு வயசுப் பொண்ணத் தேடிக்கினு போற ஆளு" என்றேன். "நவுருப்பா."

அவன் நகர்ந்தான். வயதான ஒருவர், "கெளை குத்தும், பாத்து ஏறும்மா" என்று கை கொடுத்து மரத்தைத் தாண்டவைத்தார். அவர்கள் கேட்டது நியாயமா இல்லையா என்று பிறகு எத்தனையோ பேர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அப்போது எனக்கு அவர்கள் எல்லோரும் வெறும் மரம்தான், தாண்டவேண்டிய மரம்.

செருப்பு அறுந்து, வெறுங்காலோடு அதற்கு அடுத்த நாள் களமருதூருக்குள் நுழைந்தேன். அம்மா வீட்டுக் கூரை அப்படியே இருந்தது. அந்தத் தெருவில் ஒரு தீக்குச்சிகூடப் பற்றியிருக்கவில்லை. மகள் முற்றத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்து அவள் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டேன். விழித்துப் பார்த்தவள், நேற்று ராத்திரிதான் பிரிந்த மாதிரி என் காதைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள்.

"எங்கடி அவரு?" என்றாள் அம்மா. மலையில் இருக்கிறார் என்றதும், "கட்டினவர வுட்டுட்டு ஒத்தையில வந்தியா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

ரோடு திறந்தபிறகு வாத்தியார் வந்தார். ஜீப்பில் வந்தார். நெற்றி நிறையக் குங்குமம், கையில் அம்மன் பொங்கல். காப்பை முறைப்படி அவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன், அதனால்தான் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அம்மா அந்தப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெருவே வந்து கேட்டது. நான் காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மனுஷர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

போன தீபாவளிக்கு மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்துத் தன் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொன்னாள். ஊரெல்லாம் மரம் வெட்டிப் போட்ட சமயத்தில் தாத்தா மலையிலேயே காப்போடு இருந்து தன்னைக் காப்பாற்றியதை, கண் கலங்கச் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

சின்னவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?" என்று கேட்டான்.

"நடந்துக்கினு இருந்தேன்டா" என்றேன்.